ஒரு பறவையாளரின் வாழ்க்கையை வைத்துத் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு வனவிலங்குப் பாதுகாப்பு சொல்லித் தருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் வனவிலங்குப் பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் புலிப்படம் வரைவதோடு முடிந்துவிடுகிறது. மேலே பெரிய எழுத்தில் ‘புலியைக் காப்போம்’, கீழே பச்சை வர்ணம், பரிசளிப்பு, அவ்வளவுதான். மலாயாப் புலிகள் காட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன. சுமத்ரா காண்டாமிருகத்தில் நம் நாட்டின் கடைசி ஆண் 2019 மே மாதத்திலும், கடைசிப் பெண் அதே ஆண்டு நவம்பரிலும் சபாவில் இறந்துபோயின. பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியத்தான் வேண்டும். ஆனால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? வருத்தப்படும், பிறகு மறந்துவிடும். அது தினமும் பார்ப்பது மைனாவை, கால்வாயோரத்து உடும்பை, செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டைக்குள் ஓடும் எலியை. பாடத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதற்குத் துணையாக இயற்கையை ஆராய்ந்த ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளலாம்; நான் எடுத்துக்கொள்வது இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலியின் வாழ்க்கையை.

பத்தாங் பெர்ஜுந்தை (இன்று பெஸ்தாரி ஜெயா), புக்கிட் ரோத்தான், ஈஜோக் மாதிரியான கோல சிலாங்கூர் வட்டாரத்துச் சிறுநகரங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சுற்றிலும் செம்பனை, நடுவில் ஒரு கடைத்தெரு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி. பல குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை விட்டுத் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்துவிட்டன. தாத்தா பாட்டிக்குத் தோட்டம் அத்துப்படி. பேரப்பிள்ளைக்கோ மோட்டார் சைக்கிளில் போகும்போது ஓரத்தில் ஓடுகிற மரவரிசைதான் தோட்டம். இந்த இடைவெளியை மறக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு, வாரம் ஒரு கழக நேரம், ஏறக்குறைய இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

இதில் அவசரம் வேண்டாம். நான் மூன்று விஷயம் பார்ப்பேன். அவருடைய சிறுவயது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பத்து வயதுப் பிள்ளை இன்னொரு பத்து வயதுப் பிள்ளையைத்தான் முதலில் கவனிக்கும். அவர் ஆராய்ந்த உயிரினங்களில் ஒன்றாவது நம் ஊரில் இருக்க வேண்டும். அப்புறம், அவர் வாழ்க்கையில் சங்கடமான பக்கங்களும் இருக்க வேண்டும். பிறந்ததிலிருந்தே எறும்பைக்கூட மிதிக்காத மகானைப் பற்றிச் சொன்னால், வீட்டில் காட்டுப்பன்றிக் கறி சமைக்கிற பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடமிருந்து ஒரு கேள்வியும் வராது.

ஜேன் குட்டால் நல்ல தேர்வு. முட்டை எப்படி வெளியே வருகிறது என்று பார்ப்பதற்காகச் சின்ன வயதில் கோழிக்கூட்டுக்குள் மணிக்கணக்காக ஒளிந்திருந்தவர், வீட்டார் ஊரெல்லாம் தேடினார்கள். 1960இல் தான்சானியாவின் கோம்பே காட்டுக்குச் சிம்பன்சிகளைப் பார்க்கப் போனார். நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் இன்னொருவர். 1912இல் பிறந்து, 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஒரு நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதிக்கொண்டே இருந்தவர். காக்கை, அணில், எருமை என்று யாரும் கண்டுகொள்ளாத உயிர்களைப் பற்றி எழுதியவர். மலாயாவிலேயே வேண்டுமென்றால் தியோடர் ஹப்பேக். தோட்டக்காரராக வந்து, யானையும் காட்டெருதும் சுட்டுத் திரிந்து, பிறகு துப்பாக்கிக்காரர்களோடும் அரசாங்கத்தோடும் மல்லுக்கட்டியவர். 1938-39இல் உருவான, இன்று நாம் தாமான் நெகாரா என்று அழைக்கும் காட்டுக்குப் பின்னால் அவருடைய பிடிவாதம் இருக்கிறது.

நான் எடுத்துக்கொள்வது சாலிம் அலியை. 1896இல் பம்பாயில் பிறந்து 1987இல் மறைந்த இந்தியப் பறவையியலாளர். அவர் நுணுகி ஆராய்ந்த தூக்கணாங்குருவி நம் லாலான் புல்வெளிகளிலும் வயலோரங்களிலும் இருக்கிறது. மலாய்க்காரர்கள் அதைத் தெம்புவா என்பார்கள்.

படி 2: வாழ்க்கையைக் காட்சிகளாக வெட்டுங்கள்

பிறந்த ஆண்டு, படித்த பள்ளி, வாங்கிய விருது என்று வரிசையாகச் சொன்னால் வகுப்பு தூங்கிவிடும். நான்கே காட்சிகள் போதும். ஒவ்வொரு காட்சியும் ஒரு வேலையில் போய் முடிய வேண்டும். காட்சியைச் சொல்ல பத்து நிமிடம், மீதி நேரமெல்லாம் வேலைக்கு.

முதல் காட்சி: மஞ்சள் தொண்டைச் சிட்டு. தாய் தந்தையை மிகச் சிறுவயதிலேயே இழந்து மாமா வீட்டில் வளர்ந்த பையன். கையில் மாமா தந்த காற்றுத் துப்பாக்கி. பத்து வயதை ஒட்டி ஒரு குருவியைச் சுடுகிறான். தொண்டையில் மஞ்சள் கறை. சாதாரணச் சிட்டுக்குருவிக்கு அது கிடையாதே! மாமாவுக்கும் விடை தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைக்கிறார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற வெள்ளைக்காரர் அந்தப் பையனை விரட்டாமல், அலமாரி அலமாரியாகத் திறந்து பதம் செய்த பறவைகளைக் காட்டுகிறார்.

இங்கே கதையை நிறுத்துங்கள். வேலை இதுதான்: ஒரு வாரத்துக்குள் பெயர் தெரியாத ஓர் உயிரைப் பார்த்து, வரைந்து, அதன் பெயரை யாரிடமாவது கேட்டு வரவேண்டும். தமிழில் ஒரு பெயர், மலாயில் ஒரு பெயர். கூகிளைக் கேட்பது கடைசி வழி. முதலில் தாத்தாவைக் கேட்க வேண்டும், பக்கத்து மலாய்க் கிராமத்துப் பெரியவரை, பாக்சிக்கைக் கேட்க வேண்டும், தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்து அண்ணனைக்கூடக் கேட்கலாம். அவருக்குத் தெரிந்த பெயர் வேறாக இருக்கும், அதையும் எழுதட்டும். ஆசிரியருக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளை கொண்டுவரும் பறவையின் பெயர் தெரியாவிட்டால் ‘சேர்ந்து தேடுவோம்’ என்று சொல்லிப் படம் போட்ட மலேசியப் பறவைக் கையேட்டைத் திறக்க வேண்டும். மில்லார்ட் செய்தது அதைத்தான்.

இரண்டாம் காட்சி கொஞ்சம் கசப்பானது. அதே பையன், 1906-07 வாக்கில், குதிரை லாயத்தின் சுவர்ப் பொந்தில் ஒரு சிட்டுக்குருவிக் கூட்டைப் பார்க்கிறான். உள்ளே பெண் அடைகாக்கிறது, வெளியே ஆணியில் ஆண் காவல். ஆணைச் சுட்டுவிடுகிறான். சற்று நேரத்தில் பெண்ணுக்கு வேறொரு ஆண் துணை வந்து அதே ஆணியில் உட்கார்கிறது. அதையும் சுடுகிறான். ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள். ஆனால் நடந்ததையெல்லாம் ஒரு குறிப்பாக எழுதிவைத்தான். பெரியவரான பிறகு அந்தக் குறிப்பை அவர் ஒளிக்கவில்லை, தன் வாழ்க்கைக் கதையில் அப்படியே சேர்த்தார்.

இந்தக் காட்சியை விட்டுவிடலாமே என்று சக ஆசிரியர்கள் சொல்லக்கூடும். விடாதீர்கள். லாஸ்திக் (கவண்) வைத்திருக்கிற பையன்கள் வகுப்பில் நிமிர்ந்து உட்காரும் இடம் இது. திட்டுவதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேளுங்கள்: “சுடாமலே இதைத் தெரிந்துகொள்ள முடியுமா? எல்லா ஆண் குருவியும் ஒரே மாதிரி இருக்கிறதே, வந்தது புது ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?” வால் இறகு உடைந்திருக்கலாம், கால் விரல் ஒன்று இல்லாமல் இருக்கலாம், அலகில் கீறல் இருக்கலாம். சிற்றுண்டிச்சாலைக்கு வருகிற மைனாக்களில் ஒன்றைத் தனியாக அடையாளம் கண்டு ஒரு வாரம் தொடரச் சொல்லுங்கள். லாஸ்திக் பையனின் கண் எப்போதும் கூர்மையாக இருக்கும். அவனைக் குழுத் தலைவனாக்குங்கள்.

மற்ற இரண்டு காட்சிகள் பின்னால் வருகின்றன.

படி 3: குறிப்பேடு

பளபளப்பான நோட்டு வேண்டாம். சட்டைப் பையில் நுழைகிற சின்ன நோட்டும் ஒரு பென்சிலும் போதும். பேனா மையை நம் ஊர் மழை ஒரு நிமிடத்தில் கரைத்துவிடும். ஒவ்வொரு பதிவிலும் நாள், நேரம், இடம், வானிலை, என்ன உயிர், எத்தனை, என்ன செய்தது. பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் நினைத்தது.

இந்தக் கோடுதான் மொத்தப் பாடத்திலும் கடினமான பகுதி. ‘மைனா கோபமாக இருந்தது’ என்று பிள்ளை இடப்பக்கம் எழுதும். கோபத்தை எப்படிப் பார்த்தாய் என்று கேளுங்கள். ‘தலையைக் குனிந்து கத்தியது, இன்னொரு மைனா பறந்துபோனது’ என்று மாற்றி எழுதும். கோபம் வலப்பக்கத்துக்குப் போகும். கட்டுரைப் பயிற்சிக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. தமிழ்மொழி ஆசிரியரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டால் நேரம் கிடைப்பது சுலபமாகும்.

படி 4: வெளியே கூட்டிப்போகும் முன்

தோட்டம் தனியார் நிலம். தோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) இரண்டு தகவல் வாங்குங்கள்: எந்தத் தொங்கலில் (தோட்டப் பகுதியில்) என்றைக்கு மருந்து அடிக்கிறார்கள், எங்கே குலை வெட்டுகிறார்கள். அந்த இரண்டு இடத்துக்கும் அன்றைக்குப் போகக் கூடாது. அறுத்து அடுக்கிய மட்டைக் குவியலுக்குள் கை விடக் கூடாது, நாகம் எலியைத் தேடி வருகிற இடம் அது. முழுக்கால் சட்டை, மூடிய காலணி, தண்ணீர், பெற்றோர் கையெழுத்து, குழுவுக்கு இரண்டு பெரியவர்கள். காலை ஏழரைக்குள் அங்கே இருங்கள். வெயில் ஏறினால் பறவைகளும் இருக்காது, பிள்ளைகளும் தாங்க மாட்டார்கள்.

படி 5: தூக்கணாங்குருவி மரம்

மூன்றாம் காட்சி. சாலிம் அலி கல்லூரி முதல் ஆண்டிலேயே தடுமாறி, பர்மாவுக்குப் போய்க் குடும்பத் தொழிலைப் பார்த்துத் திரும்பியவர். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் பறவையியலாளர் வேலை ஒன்று கைநழுவியது. அருங்காட்சியகத்தில் ஒரு வேலை கிடைத்தது. ஜெர்மனிக்குப் போய்ப் பறவையியல் கற்று 1930இல் திரும்பினால், பணமில்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். மனைவி தெமினாவோடு பம்பாய்க்கு அருகே கிகீம் என்ற கடலோரக் கிராமத்தில் போய்த் தங்கினார். பக்கத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சும்மா உட்கார்ந்து பார்த்தார்.

அவர் பார்த்ததைப் பிள்ளைகளிடம் விரிவாகச் சொல்லுங்கள். கூடு பின்னுவது ஆண். பாதி பின்னி, தலைக்கவசம் போல் தொங்குகிற நிலையில் நிறுத்திவிடும். அப்போது பெண் பறவைகள் வந்து கூட்டுக்குள் நுழைந்து சோதிக்கும். பிடித்துப்போன பெண் அங்கேயே தங்கும். அதன் பிறகுதான் ஆண் முட்டை அறையை முடித்து, கீழே நீண்ட குழாய் வாசலைப் பின்னும். பெண் அடைகாக்க உட்கார்ந்ததும், ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணைத் தேடும். எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காத கூடு பாதியிலேயே கிடந்து காயும். 1931இல் அவர் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ‘டீச்சர், அப்போ பாதிக் கூடெல்லாம் பெயிலான கூடா?’ என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். நல்ல கேள்வி. மரத்தடிக்கே போய்ப் பார்த்துவிடலாம்.

உங்கள் வட்டாரத்தில் கூடுள்ள மரத்தைக் கண்டுபிடியுங்கள். தண்ணீருக்கு மேலே சாய்ந்த கிளை, முள் மரம், பாக்கு அல்லது தென்னை மட்டை நுனி, இவற்றில் தேடுங்கள். மாடு மேய்க்கிறவரைக் கேட்டால் உடனே காட்டிவிடுவார். மரத்திலிருந்து தள்ளி நின்று, பிள்ளைகள் மூன்று எண்ணிக்கை எடுக்க வேண்டும்: தலைக்கவச நிலைக் கூடுகள், குழாய் வைத்த முழுக் கூடுகள், கீழே விழுந்த கூடுகள். வாரா வாரம் அதே நாளில் திரும்பப் போய் எண்ணுங்கள். மூன்றாவது வாரத்தில் எண்கள் நகரத் தொடங்கும்போது வகுப்பின் போக்கே மாறிவிடும். தன் கூட்டுக்கு ‘வீடு கிடைத்ததா’ என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். கட்டட்டும்.

பாட்டி சொன்ன சங்கதி ஒன்றும் இங்கே பயன்படும். குருவி மின்மினியைப் பிடித்து ஈர மண்ணில் ஒட்டிவைத்துக் கூட்டுக்கு விளக்கேற்றும் என்பார்கள். கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பார்த்து வளர்ந்த நம் வட்டாரப் பிள்ளைகளுக்கு அது உடனே ஒட்டிக்கொள்ளும். விழுந்து காய்ந்த, ஆளில்லாத கூட்டை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். மண் கட்டி உண்மையாகவே இருக்கும். மின்மினி இருக்கிறதா? கதை நோட்டின் எந்தப் பக்கம் போகும், மண் எந்தப் பக்கம் போகும்? பாட்டியைக் கேலி செய்ய விடாதீர்கள். மண்ணைப் பார்த்தவர் கூட்டை உற்றுப் பார்த்தவர்தானே. மரத்தில் தொங்கும் கூட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது.

படி 6: கூகை

சாலிம் அலியிலிருந்து சற்று விலகித் தோட்டத்துக்கே உரிய பாடம் இது. பல செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எலி பிடிக்கக் கூகை என்ற ஆந்தைக்கு வைத்த கூடு. எத்தனை ஹெக்டேருக்கு ஒரு பெட்டி, எத்தனை பெட்டியில் இப்போது பறவை இருக்கிறது என்று பிள்ளைகளே தோட்ட அலுவலகத்தில் கேட்கட்டும். கூடவே இன்னொரு கேள்வி: எலி மருந்தும் வைக்கிறீர்களா? மருந்து தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும். எலியைக் குறைக்க இரண்டு வழியையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

பெட்டிக்குக் கீழே கறுப்பு உருண்டைகள் கிடக்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் கூகை வாய்வழியாகத் துப்பியவை. கையுறையும் முகக்கவசமும் போட்டு ஆசிரியர் மட்டும் எடுங்கள். எலிக்காய்ச்சலைத் தோட்டத்தில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அலுமினியத் தாளில் சுற்றி, 160 டிகிரி சூட்டில் 40 நிமிடம் அடுப்பில் வைத்து, ஆறிய பிறகு வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஊசியும் இடுக்கியும் கொடுத்தால் பிள்ளைகள் மண்டையோடு, தாடை, தொடையெலும்பு என்று பிரித்துக் கறுப்பு அட்டையில் ஒட்டுவார்கள். ஓர் உருண்டைக்குள் எத்தனை எலித் தாடை என்று எண்ணினால் போதும், கூகையின் வேலை என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

வீட்டில் எதிர்ப்பு வரும். ஆந்தை கத்தினால் சாவு என்று நம்புகிற வீடுகள் நிறைய. அடுத்த நாள் ஒரு பிள்ளை ‘பாட்டி வேண்டாங்கிறாங்க’ என்று வந்தால் வற்புறுத்தாதீர்கள், அதற்கு வேறு வேலை கொடுங்கள். அந்தப் பாட்டியையே பள்ளிக்கு அழைப்பது இன்னும் நல்லது.

படி 7: பாட்டியைப் பேட்டி எடுங்கள்

1981க்கு முன் செம்பனையில் பெண் பூவுக்கு மகரந்தத்தைக் கையால் தூவும் வேலை மலேசியத் தோட்டங்களில் இருந்தது. அந்த ஆண்டு ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு வேலையை எடுத்துக்கொண்டது, ஆள் தேவைப்படாமல் போயிற்று. அந்த வேலை செய்த பாட்டி இன்னும் உங்கள் ஊரில் இருக்கலாம். பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். கேள்விகள் மிகச் சின்னவையாக இருக்க வேண்டும்: காலை எத்தனை மணிக்குப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு)? பூ பூத்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அப்போது இருந்து இப்போது காணாமல் போன பறவை எது? ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் என்னென்ன விலங்குகள் வந்தன? ஆண் பூவை உதறினால் கொட்டுகிற அந்த வண்டை, வெளியே போகும் நாளில் கைக்கண்ணாடியில் காட்டுங்கள்.

படி 8: பரத்பூர், ஆறாம் ஆண்டுக்கு மட்டும்

நான்காம் காட்சி சிக்கலானது. ராஜஸ்தானில் பரத்பூர் மன்னரின் வேட்டை ஏரி. 1938 நவம்பர் 12ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் விழுந்தன. சுதந்திரத்துக்குப் பின் ஏரி நீரை விவசாயத்துக்குத் திருப்பப் பார்த்தபோது, சாலிம் அலி நேரு வரை போய் அதைத் தடுத்தார். 1982இல் அது தேசியப் பூங்கா ஆனது. சரி, இதோடு கதையை முடித்துக் கைதட்டலாம். ஆனால் அதே நேரத்தில் அங்கே எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். சாலிம் அலியும் தடை வேண்டும் என்ற பக்கம்தான். கிராமத்தார் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. பிறகு அவருடைய சொந்தக் கழகமான பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே நடத்திய நீண்ட ஆய்வு, மேய்ச்சல் நின்றதால் புல் அடர்ந்து நீர்நிலையை அடைத்துப் பறவைகளுக்கே கெடுதல் ஆனது என்று கண்டது.

மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பில் உண்டு. தோட்டத்துக்குள் மாடு விடலாமா கூடாதா என்பது அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைப் பேச்சு. மாட்டுக்காரர், தோட்ட நிர்வாகி, பறவையாளர், தூக்கணாங்குருவி என்று நால்வராகப் பிரித்து விவாதிக்க விடுங்கள். தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வேட்டைப் பேச்சும் இங்கேதான் எழும். ‘எங்கப்பா உடும்பு பிடிப்பார்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், பாதுகாக்கப்பட்ட உயிர்களை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை வகுப்புக்குப் பொதுவாகச் சொல்லுங்கள். அந்த அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பிள்ளையைச் சொந்த வீட்டின் மேல் சாட்சியாக நிறுத்தும் பாடம் எந்த உயிரையும் காப்பாற்றாது.

படி 9: ஒரு கடிதம், ஒரு பெட்டி

கடைசி இரண்டு வாரம் குறிப்பேட்டை வைத்து ஒரு கோரிக்கை எழுதுங்கள். சின்னதாக, செய்யக்கூடியதாக இருக்கட்டும்: இந்தக் குருவி மரத்தைக் கூடு காலியாகும் வரை வெட்ட வேண்டாம், அல்லது கூகைப் பெட்டி உள்ள தொங்கல்களில் எலி மருந்தை நிறுத்திப் பாருங்கள். மலாயில் எழுதுங்கள், நிர்வாகி படிக்க வேண்டுமே. வாரவாரியான எண்ணிக்கை அட்டவணையும் ஓர் ஓவியமும் இணையுங்கள். உணர்ச்சி வசனம் வேண்டாம், எண்களே பேசும். ‘முடியாது’ என்று பதில் வந்தால் காரணத்தைக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதலாம். வலை, கண்ணி, அடிபட்ட கூகை என்று கண்ணில் பட்டால் பிள்ளைகள் எதையும் தொடாமல் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவிப்பது பெரியவர்கள் வேலை.

மதிப்பீட்டுக்குச் சுவரொட்டிப் போட்டி வைக்காதீர்கள். குறிப்பேட்டின் இடப்பக்கத்தைப் படித்தாலே யார் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளையிடமே காட்டுங்கள்.

நோட்டுகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முன் படியெடுத்து, ஆண்டு எழுதிய ஒரு பெட்டியில் போட்டுப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். குருவி மரத்தின் இடத்தைக் கையால் வரைந்த வரைபடமும் அதில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு அதே மரத்தடிக்குப் போய், அதே மூன்று எண்ணிக்கையில் தொடங்கலாம்.